இரு பால், ஒரு பாடம்: வீட்டில் செய்யும் பட்டைச் சீனி சீஸ் கேக்

விடியற்காலையில் வெளிக்காட்டுக்குச் சென்று, உளி பிடித்து மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுவரும் தொழிலாளருக்கு, பால் எவ்வாறு உறைகிறது என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சிறிதளவு அமிலம், சிறிது நேரம். பால் கட்டியாகிறது, தெளிந்த நீர் பிரிகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனினும், இதே அறிவு நம் வீட்டுச் சமையற்கட்டிலும் பயன்படும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில காலத்திற்கு முன்பு, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், தோட்டக் குடும்பத்து மாதர் சிலருடன் உரையாடும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஜார்ஜ்டவுன் நகரில் வேலை செய்யும் தம் மகள், சம்பளத்தன்று ஒரு துண்டு சீஸ் கேக் வாங்கி வந்ததையும், அதன் விலையைக் கேட்டுத் தாம் திகைத்துப் போனதையும் ஓர் அம்மையார் சொன்னார். “இதை நம் வீட்டில் செய்ய முடியாதா, ஐயா?” என்று கேட்டார். “முடியும், அம்மா. அதில் பாதியை நீங்கள் முன்பே அறிவீர்கள்” என்றேன். அன்று அவருக்குச் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

பால் ஏன் திரிகிறது?

சீஸ் என்பது பாலாடைக் கட்டி. பாலைத் திரியவைத்து, நீரைப் பிரித்து எடுத்த திடப்பொருளே அது. மாட்டுப் பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர்; எஞ்சியவை கொழுப்பு, பாற்சீனி, புரதம், தாதுப்பொருள்கள். அந்தப் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் எனப்படுவது. கேசின், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பாலில் மிதக்கிறது. அத்துகள்கள் ஒரே வகையான மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகியே நிற்கின்றன. அதனால் பால் பாலாகவே இருக்கிறது.

எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்தால் என்ன நிகழ்கிறது? புளிப்பு மிகுந்து, துகள்களைத் தள்ளி வைத்த மின்னூட்டம் அடங்கிவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை; எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். கறந்த பாலின் அளவு 6.6 அல்லது 6.7. அது 4.6 வரை இறங்கும்போது கேசின் முழுவதும் பிரிந்து விடுகிறது. பால் சூடாக இருந்தால், அந்த அளவுக்கு இறங்கும் முன்பே திரிந்துவிடும்.

ரப்பர் பாலின் கதையும் இதுவே. அதில் மிதக்கும் ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரத உறை ஒன்று இருக்கிறது. அங்கும் மின்னூட்டமே துகள்களைப் பிரித்து வைக்கிறது. அம்மோனியா சேர்த்தால் பால் உறையாமல் நிற்பதும், பார்மிக் அமிலம் சேர்த்தால் உறைவதும் இதனால்தான். அமிலம் அளவுக்கு மீறினால் கட்டி கடினப்பட்டு, ஆலையில் அரைப்பதும் பிறகு உலர்வதும் தடைப்படுகின்றன. மாட்டுப் பாலிலும் எலுமிச்சைச் சாறு மிகுந்தால் கட்டி முரடாகி, புளிப்பும் ஏறிவிடும். ஆகவே, இரண்டு பாலுக்கும் பாடம் ஒன்றே: அளவு தவறக் கூடாது.

உயிர் காக்கும் எச்சரிக்கை

பாடம் ஒன்றாயினும் அமிலம் ஒன்றல்ல. இதனை ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சையில் உள்ளது உண்ணத்தக்க சிட்ரிக் அமிலம். ரப்பருக்குப் பயன்படும் பார்மிக் அமிலமோ தோலையும், வாயையும், உணவுக் குழாயையும் எரித்துப் புண்ணாக்கும். வயிற்றுக்குள் சென்றால் சிறுநீரகங்களைக் கெடுத்து உயிரையும் பறிக்கும்.

வேலைக்குரிய அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். குறிப்பாக, குளிர்பானப் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தை புட்டியைத்தான் பார்க்கும். உள்ளிருப்பது என்னவென்று அறியாது. அமிலத்தை அதற்குரிய கலத்தில், பெயர் எழுதி, பூட்டிய இடத்தில் வைப்பதே முறை.

எவரேனும் தவறி அருந்திவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்; மேலே வரும் அமிலம் இரண்டாம் முறையும் எரிக்கும். வாயை நீரால் கொப்பளிக்கச் செய்து, உடனே 999 எண்ணுக்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அமிலப் புட்டியையும் உடன் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிய பின்னர் மருத்துவரை நாடுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம், இத்தகைய விபத்துகளில் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்கி வருகிறது.

அயலார் பண்டமா?

சீஸ் கேக் என்றவுடன், அது வெள்ளையர் பண்டம், செல்வர் வீட்டுப் பண்டம் என்று ஒதுங்குவோர் உண்டு. உண்மை அதுவன்று. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் வாழ்ந்த கேட்டோ என்பவர், உழவு பற்றி எழுதிய நூலில், பாலாடைக் கட்டி, மாவு, தேன், முட்டை ஆகியவற்றைக் கலந்து, எண்ணெய் தடவிய மண் பாத்திரத்தில் மூடி போட்டுச் சுடும் பண்டத்தைக் குறித்திருக்கிறார். அது பண்ணை வீட்டுப் பண்டம்.

இந்தியாவில், ஒடிசா மாநிலத்தில் சேனா போடா என்னும் இனிப்பு புகழ்பெற்றது. அப்பெயருக்குச் சுட்ட பாலாடைக் கட்டி என்பது பொருள். பாலைத் திரித்தெடுத்த கட்டியுடன் சீனியும் ரவையும் ஏலக்காயும் பிசைந்து, இலையில் பொதிந்து, தணலில் நெடுநேரம் சுடுவார்கள். இன்று கடைகளில் பொட்டலமாக விற்கும் கிரீம் சீஸ், 1870களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் வணிகர் செய்யத் தொடங்கியது. அதற்கு முன்பே மக்கள் தத்தம் வீட்டுப் பாலைத் திரித்துச் சுட்டுத் தின்றார்கள். நாமும் அவ்வாறு செய்வதில் வியப்பில்லை.

ரொட்டி சுடும் அடுப்பும் நமக்குப் புதிதன்று. பினாங்கு மக்கள் விரும்பி உண்ணும் ரொட்டி பெங்காலி, 1928ஆம் ஆண்டில் தமிழ் முஸ்லிம் ஒருவர் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய அடுமனையில் உருவானது. தொழிலாளருக்கும் அதில் பங்கு இருந்தமையால் ‘பங்காளி ரொட்டி’ என்ற பெயர் ஏற்பட்டு, அதுவே நாளடைவில் ‘பெங்காலி’ எனத் திரிந்தது என்று சொல்வார்கள். வங்காளத்துக்கும் அந்த ரொட்டிக்கும் தொடர்பில்லை. டிரான்ஸ்ஃபர் சாலையில் உள்ள மாலியா அடுமனை அந்த மரபின் வழிவந்தது.

பட்டை பார்த்து வாங்குக

இப்பண்டத்தின் மணம் பட்டையில் இருக்கிறது. பினாங்குக்கும் வாசனைப் பொருளுக்கும் உள்ள உறவு பழமையானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொணர்ந்து இங்கே நட்டனர். இன்றும் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், நம்மவர் கடைத்தெரு என்று அழைக்கும் பசார் வீதிப் பக்கம் சென்றால், பட்டை வாசனை நம்மை எதிர்கொண்டு அழைக்கும்.

பட்டையில் இரு வகை உண்டு. இலங்கைக் கறுவா மென்மையானது. சுருட்டைப் போலப் பல மெல்லிய மடிப்புகள் கொண்டது. கையால் எளிதில் ஒடியும். மற்றொன்று தடித்த பட்டை. ஒரே மடிப்பாகச் சுருண்டு, கடினமாக, காரம் மிகுந்திருக்கும். அண்டை நாடாகிய இந்தோனேசியாவிலிருந்து வருவது பெரும்பாலும் இவ்வகை, விலையும் குறைவு. பண்டம் செய்ய இரண்டும் ஏற்றவையே. எனினும் தடித்த பட்டையில் குமாரின் என்னும் பொருள் மிகுதி. அதை நாள்தோறும் அளவுக்கு மீறி உட்கொண்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம். பதினாறு துண்டுக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி என்பது அஞ்சத்தக்க அளவன்று. ஆனால், நீரிழிவுக்கு மருந்தென்று கருதிக் கரண்டி கரண்டியாகப் பட்டைப் பொடி தின்பது தவறு. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டையை நம்புவது அதனினும் பெரிய தவறு.

தேவையான பொருள்கள்

கட்டிக்கு: கொழுப்பு நீக்காத பால் 2 லிட்டர், எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டி.

அடித்தளத்துக்கு: மாரி பிஸ்கட் 150 கிராம்; உருக்கிய வெண்ணெய் 70 கிராம்.

கலவைக்கு: இனிப்பில்லாத தயிர் 300 கிராம், சீனி 90 கிராம், முட்டை 2, சோள மாவு 1 மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி சிறிது, உப்பு ஒரு சிட்டிகை.

மேலே தூவ: சீனி 2 மேசைக்கரண்டி, பட்டைப் பொடி 1 தேக்கரண்டி.

செய்முறை

முதல் நாள் இரவே தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் வடிகட்டியில் வைத்து, குளிர்ப்பெட்டியில் நீர் வடிய விடுங்கள். காலையில் ஏறத்தாழ பாதியளவு கெட்டித் தயிர் கிடைக்கும்.

பாலை அடிப்பிடிக்காமல் கிளறிக் கொதிக்க வையுங்கள். கொதித்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு நீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். கட்டி ஒருபுறமும், இளம் பச்சை கலந்த தெளிந்த நீர் மறுபுறமுமாகப் பிரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். சாறு எஞ்சியிருந்தால் இருக்கட்டும். கொட்டகையில் கற்ற கைப்பக்குவம் இங்கே உதவும். துணியில் வடிகட்டி, புளிப்பு நீங்கக் குளிர்ந்த நீர் ஊற்றி அலசி, அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம். கட்டி மென்மையாக இருக்க வேண்டும். 300 கிராம் அளவில் கட்டி கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையவும், ரசம் வைக்கவும் அது நல்லது.

பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயுடன் பிசைந்து, 20 செண்டிமீட்டர் சதுரத் தட்டில், எண்ணெய்த் தாள் விரித்து, கரண்டியின் பின்புறத்தால் அழுத்திப் பரப்புங்கள்.

கட்டி, கெட்டித் தயிர், சீனி, சோள மாவு, உப்பு, ஏலக்காய்ப் பொடி ஆகியவற்றை அரைக்கும் இயந்திரத்தில் இட்டு, திரியே தெரியாதபடி வழவழப்பாக அரையுங்கள். முட்டைகளை இறுதியில் சேர்த்து, கலக்கும் அளவுக்கு மட்டுமே சுற்றுங்கள். காற்று மிகுந்தால், வேகும்போது பொங்கிப் பின்னர் வெடித்துவிடும். முட்டை உண்ணாதவர்கள், ஒடிசா மக்களைப் பின்பற்றி 3 மேசைக்கரண்டி ரவை சேர்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டுப் பயன்படுத்தலாம்.

கலவையைத் தட்டில் ஊற்றி, சீனியையும் பட்டைப் பொடியையும் கலந்து மேலே சமமாகத் தூவுங்கள். முன்னரே சூடேற்றிய ஓவனில், 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடுங்கள். ஓரம் இறுகி, நடுப்பகுதி மட்டும் தட்டை அசைத்தால் சற்றே ஆடும் நிலையே பக்குவம். நடுப்பகுதியும் இறுகட்டும் என்று காத்திருந்தால், முட்டைப் புரதம் சுருங்கி நீரைக் கக்கி, பண்டம் வறண்டு பிளந்துவிடும். ஓவனை அணைத்து, கதவைச் சிறிது திறந்து, அரை மணி நேரம் உள்ளேயே ஆறவிடுங்கள். பின்னர் 4 மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஈரத் துணியால் துடைத்த கத்தி கொண்டு 16 துண்டாக வெட்டுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில்

ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம். அடி கனத்த பெரிய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவி உலர்த்திய மணல் அல்லது கல்லுப்புப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, 10 நிமிடம் சூடேற்றுங்கள். பாத்திரத்துக்குள் அடங்கும் வட்டத் தட்டில் பண்டத்தை ஊற்றி, வளையத்தின் மேல் வைத்து, இறுக மூடி, சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். கேட்டோ கூறிய மூடி போட்ட மண் பாத்திரமும் இவ்வகையினதே. வெறும் பாத்திரத்தைத் தீயில் வைப்பதால், தீ எப்போதும் சிறிதாகவே இருக்கட்டும். அருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

சீனியின் கணக்கு

இனிப்பைப் பற்றி எழுதுகையில் நீரிழிவைப் பற்றிப் பேசாதிருப்பது கடமை தவறியதாகும். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோர் நூறு பேரில் ஏறத்தாழ 16 பேருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் சமூகத்தில் இந்நோய் மிகுதி என்பதை ஒவ்வொரு குடும்பமும் அனுபவத்தில் அறியும்.

மேலே கூறிய அளவின்படி, பிஸ்கட்டில் உள்ளதையும் சேர்த்து, ஒரு துண்டில் ஏறத்தாழ 9 கிராம் சீனி இருக்கும். அஃதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல். ஒருவர் நாளொன்றுக்குக் கொள்ளும் சேர்க்கைச் சீனி 25 கிராம் அளவுக்குள் அடங்குவது நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. காலையிலும் மாலையிலும் டின் பால் கலந்த தேநீர் அருந்துபவர், இத்துண்டையும் உண்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதைத் தாமே கூட்டிப் பார்க்கட்டும். வீட்டில் செய்வதன் பெரும்பயன் இதுவே: சீனியை அளப்பது நம் கை. திருநாளுக்கும் பிறந்த நாளுக்கும் உரிய பண்டமாக இதைக் கொள்ளுங்கள். நீரிழிவுள்ளோர் மருத்துவரின் சொல்லை மீற வேண்டாம்.

பாதுகாப்பும் விற்பனையும்

பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் கெடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். குளிர்ப்பெட்டியில் மூடி வைத்து மூன்று நாளுக்குள் உண்டு முடியுங்கள். சமைக்கும் முன்பும், முட்டையைத் தொட்ட பின்பும், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

நன்றாகச் செய்யப் பழகியவர்கள், அக்கம் பக்கத்தாருக்கும் பள்ளி விழாக்களுக்கும் செய்து விற்று நான்கு வெள்ளி ஈட்ட எண்ணலாம். அது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், விற்பனை என்று வந்தால் சட்டமும் உண்டு. 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகள், உணவு கையாள்வோர் அதற்குரிய பயிற்சி பெற வேண்டும் என்றும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. விவரங்களை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்டறியலாம். விலை வைக்கும்போது பால், முட்டை, வெண்ணெய் ஆகியவற்றின் விலையோடு எரிவாயுவையும் உங்கள் உழைப்பு நேரத்தையும் கணக்கிடுங்கள். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு விலையில்லை என்று எண்ணியே பல சிறு தொழில்கள் நட்டப்பட்டு நின்றிருக்கின்றன.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. எலுமிச்சைச் சாற்றால் பால் திரிவதற்கும், அமிலத்தால் ரப்பர் பால் உறைவதற்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. பார்மிக் அமிலத்தைக் குளிர்பானப் புட்டியில் வைக்கலாகாது; ஏன்?
3. பண்டத்தின் நடுப்பகுதி சற்றே ஆடும்போதே அடுப்பை அணைப்பது எதற்காக?
4. உங்கள் வீட்டில் ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளும் சேர்க்கைச் சீனி எத்தனை தேக்கரண்டி?

இவ்வினாக்களைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். விடை தெரியாவிடில், அடுத்த விடுமுறை நாளில் அவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாலைத் திரித்துக் காட்டுங்கள். பள்ளியில் அறிவியல் பாடத்தில் அமிலம் என்னும் சொல்லைக் கேட்கும் பிள்ளைக்கு, அப்பாவின் மங்கும் அம்மாவின் பாத்திரமும் நினைவுக்கு வருமானால், அப்பாடம் அவனுக்கு மறக்காது. தாய் தந்தையரின் தொழிலில் எத்துணை அறிவு அடங்கியிருக்கிறது என்பதும் அன்று அவனுக்கு விளங்கும்.